மாப்ளே, அட்டைச் செக்கை எந்த பேங்குலயும் வாங்க மாட்டான்

என்னடா மாப்ளே, அடுத்த தேர்தல்ல லூனாஸ் சட்டமன்றத்துக்கு நிக்கப்போறியாம்? கூலிம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேதி போயிருச்சு, தாய்மாமனுக்குத்தான் கடைசியா வருது. பரவால்ல, உக்காரு. ரெண்டு கோப்பி ஓ சொல்லு. காசை நீயே குடு. வேட்பாளர் வாங்கிக் குடுத்துக் குடிச்சா குத்தம்னு 1954-லேயே தேர்தல் குற்றச் சட்டத்துல எழுதி வச்சிருக்கான்தான். ஆனா நீ ஓட்டுக்கா வாங்கிக் குடுக்கற? அம்மா கூடப்பொறந்தவன்னு பாசத்துல வாங்கிக் குடுக்கற. அப்படித்தானே? பாத்தியா, மொதப் பாடம் முடிஞ்சுபோச்சு. எந்தக் காசை எடுத்து நீட்டினாலும் அதுக்கு ஒரு பாசத்தைத் தேடி முன்னாடியே ரெடியா வச்சுக்கணும்.

எவ்வளவு செலவாகும்னு கேட்ட. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 5,000 வெள்ளி. எட்டுல ஒரு பங்கு ஓட்டு வரலைன்னா அது அரசாங்கத்துக்கு நீ குடுத்த அன்பளிப்பு. செலவு பண்ண உச்சவரம்பு ஒரு லட்சம் வெள்ளி. நாடாளுமன்றம்னா ரெண்டு லட்சம். ஐயையோ, அதுக்குள்ள எப்படி முடிப்பேன்னு முகம் சுருங்குது பாரு உனக்கு! பயப்படாத. அந்த வரம்பெல்லாம் வேட்பாளர் தலைக்கு மட்டும்தான். கட்சி செலவு பண்ணா அதுக்கு வரம்பு கிடையாது. உன் பேர்ல கொடி கட்டினா கணக்கு, கட்சி பேர்ல கட்டினா காத்து. கட்சிக்கு அந்தக் காசு எந்தத் தவுக்கே வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறதுக்கு அரசியல் நிதிச் சட்டம் கொண்டுவர்றோம்னு ஆட்சிக்கு ஆட்சி சொல்லிக்கிட்டேதான் வந்திருக்காங்க. நல்லது நடக்கறதுக்கு நேரம் எடுக்கும், அவசரப்படக்கூடாது.

சரி, எப்படிக் குடுக்கறதுன்னு பாப்போம். இதுலதான் நிறைய பேரு மாட்டிக்கிறான், நல்லாக் கேட்டுக்க. 2018 மே மாசப் பொதுத்தேர்தல்ல கேமரன் மலையில மஇகாவோட சிவராஜ் 597 ஓட்டுல ஜெயிச்சாரு. தோத்துப்போன மனோகரன் வழக்குப் போட்டாரு. ஓராங் அஸ்லி கிராமத்துத் தலைவர்களுக்கு, தோக் பாத்தின்னு சொல்வாங்களே, அவங்களுக்கெல்லாம் காசு குடுத்திருக்குன்னு தேர்தல் நீதிமன்றத்துல சாட்சி வந்துச்சு. எவ்வளவுங்கற? 30 வெள்ளியிலேர்ந்து 1,000 வெள்ளி வரைக்கும். நவம்பர் 30-ம் தேதி நீதிபதி தேர்தலே செல்லாதுன்னுட்டாரு. சட்டம் தூங்கலைன்னு எனக்கு அன்னைக்கு ஒரே பெருமை. 30 வெள்ளிங்கறது என்ன காசு? நம்மூருல நாலு பேரு உக்காந்து ரொட்டி சானாய் தின்னு தே தாரேக் குடிச்சா வர்ற பில்லு. அந்தப் பில்லுக்கு ஒரு நாடாளுமன்ற நாற்காலியே கவுந்துச்சுன்னா சட்டத்துக்கு எவ்வளவு கூர்மையான கண்ணு இருக்கணும்!

அந்தக் கண்ணுக்கு ஒரே ஒரு குறை. சின்ன நோட்டுதான் பளிச்சுனு தெரியும். அப்ப பிரதமரா இருந்த நஜீப் சொந்தக் கணக்குல 260 கோடி வெள்ளி வந்து விழுந்தது 2013 பொதுத்தேர்தலுக்கு முன்னாடி. ஊருக்குத் தெரிஞ்சது 2015-ல. என்னய்யான்னு கேட்டா, நன்கொடை, வெளிநாட்டுலேர்ந்து வந்ததுன்னாங்க. 2016 ஜனவரியில அரசாங்கத் தலைமை வழக்கறிஞரு வந்து, குத்தம் ஒண்ணும் இல்லைன்னு ஃபைலை மூடினாரு. நான் படிச்சது தோட்டப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு. ஆனாலும் ஒரு தாள எடுத்து வகுத்துப் பாத்தேன். 260 கோடிய முப்பது முப்பதாப் பிரிச்சா எட்டுக் கோடியே அறுபத்தாறு லட்சம் பேருக்குக் குடுக்கலாம். மலேசியாவுல கைக்குழந்தையச் சேத்தாலும் மூணரைக் கோடிதான் தேறும். ஆளாளுக்கு ரெண்டு தடவை குடுத்துட்டு, மிச்சத்தைச் சிங்கப்பூருக்கும் பகிர்ந்து குடுக்கலாம். 30 வெள்ளி வாங்கின தோக் பாத்தின் பேரு தீர்ப்புல ஏறுது, 260 கோடிக்கு 'நன்கொடை'ன்னு ஒரு வார்த்தை போதுமாயிருந்துச்சு. அப்புறம் ஆட்சி மாறி, எஸ்.ஆர்.சி. கம்பெனியோட 4 கோடியே 20 லட்சம் வெள்ளி விவகாரத்துல 2020-ல தண்டனை, 2022 ஆகஸ்ட்ல காஜாங் சிறைங்கறதெல்லாம் உனக்கே தெரியும். ஆட்சி மாறினப்புறம்தான் சட்டத்துக்குக் கண்ணாடி மாத்தினாங்கங்கறதை மட்டும் மறந்துராத.

ஆக, உறையில போட்டு இருட்டுல குடுக்கற வேலையெல்லாம் வேண்டாம். சில்லறை ஆளுங்க செய்யற காரியம் அது. வெளிச்சத்துல குடு, மைக் புடிச்சுக் குடு. 2010 மே மாசம் சரவாக்குல சீபு இடைத்தேர்தல் நடந்துச்சு. வெள்ளத்துல மூழ்கற ரெஜாங் பார்க் ஜனங்க முன்னாடி இதே நஜீப் நின்னுகிட்டு, நீங்க எனக்கு உதவுங்க, நான் உங்களுக்கு உதவறேன்னாரு. ஜெயிக்க வச்சா வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் வெள்ளின்னாரு. உறை இல்ல, இருட்டு இல்ல. மேடையில நின்னு சொன்னா அதுக்குப் பேரு மேம்பாடு. சனங்க என்ன பண்ணாங்கங்கற? ஜ.செ.க.வுக்கு 398 ஓட்டு கூடப் போட்டு அனுப்பிட்டாங்க. விலைய மைக்குல சொன்னா ஒரு சங்கடம் உண்டு, எல்லாரு காதுலயும் விழுந்துரும்.

நம்மூருக்கே வருவோம். நீ அப்ப அரைக்கால் சட்டைல சுத்திக்கிட்டிருந்த, 2000-ம் வருஷம். நவம்பர் 4-ம் தேதி நம்ம சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸை புக்கிட் மெர்தாஜாம்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்தத் துக்கம் ஆறறதுக்குள்ள 29-ம் தேதி இடைத்தேர்தல். லூனாஸுக்கு அந்த மாசம் வந்த மருவாதி அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல. தடுக்கி விழுந்தா ஒரு மந்திரி மேலதான் விழணும். ஏன் இந்தப் பாசம்? கெடா சட்டமன்றத்துல மொத்தம் 36 சீட்டு. 99-ல பாரிசான் 24, பாஸ் 12. மூணுல ரெண்டு பங்குக்குச் சரியா 24 வேணும். லூனாஸ் போச்சுன்னா அந்தப் பெரும்பான்மையே போச்சு. அதான்டா விஷயம். நம்ம சாக்கடைய எட்டிப் பாத்தவனெல்லாம் நம்ம சாக்கடைய எண்ணி வரல, 24-ங்கற நம்பரை எண்ணி வந்தான்.

நம்மூரு வாத்துக்குப் பேர்போன ஊரு. பினாங்குலேர்ந்து காரு போட்டுக்கிட்டு வந்து வறுத்த வாத்துக்கு வரிசையில நிக்கிறான். அந்த வாத்தை வளக்கறவனப் பாத்திருக்கியா? கடைசி வாரம் தீனி கொஞ்சம் கூடுதலாத்தான் போடுவான். வாத்து என்ன நினைக்கும்? நம்ம மொதலாளிக்குத் திடீர்னு நம்ம மேல என்னா பிரியம்னு நினைக்கும்.

ஆனா அந்த வருஷம் வாத்துங்க ஒரு வேலை பண்ணுச்சு. மந்திரிங்க சீனத் தவுக்கே ஆளுங்ககிட்ட மேம்பாடு மேம்பாடுன்னு பேசப் போனா, அவங்க, மூணு மொழிப் பள்ளியையும் ஒரே வளாகத்துல வைக்கற 'வாவாசான்' பள்ளித் திட்டம் வந்தா எங்க சீனப்பள்ளி கதி என்னன்னு கேட்டாங்க. இவன் ரோட்டப் பத்திப் பேசறான், அவன் புள்ள படிப்பப் பத்திப் பேசறான். காசுக்கு எல்லாப் பேச்சும் புரியும், அந்தப் பேச்சு மட்டும் புரியாது. எதிர்க்கட்சியிலயும் யாரு நிக்கறதுன்னு குடுமிப்பிடிச் சண்டை நடந்துச்சு, அதையும் சொல்லணும். ஓட்டு நாளன்னைக்கு வெளியூர்லேர்ந்து வந்த பஸ்ஸுங்களை, ஆவி வாக்காளர் வர்றான்னு சொல்லி ரோட்டுலயே மறிச்சாங்க. ராத்திரி எண்ணி முடிச்சா, கெஅடிலானோட சைபுடின் நசுத்தியோன் 530 ஓட்டுல ஜெயிச்சிருக்காரு. மஇகாவோட அந்தோணிசாமி தோத்துட்டாரு. 530 பேரு! நம்ம மாரியம்மன் கோயில் தீமிதிக்கு அதவிடக் கூட்டம் வருது. பணம் பாதாளம் மட்டும் பாயும்னு பெரியவங்க சொன்னது நெசம்தான். லூனாஸ் முச்சந்தியில மட்டும் அதுக்கு வழி தெரியாமப் போச்சு.

அதுக்காக நம்மாளுங்க எல்லாரும் உத்தமனுங்கன்னு நான் சொல்லல. வாங்கற கை இருக்கறதாலதான் குடுக்கற கை நீளுது. சட்டப்படி வாங்கறவனும் குத்தவாளிதான். ஒரு தடவை நம்ம தாமான்ல ஒருத்தன் 30 வெள்ளி வாங்கிட்டேன்னு பெருமையாச் சொன்னான். அஞ்சு வருஷத்துக்கு வகுத்துப் பாருடான்னேன். ஒரு நாளைக்கு ஒண்ணரை சென்னுக்குக் கொஞ்சம் மேல வருது. ஒரு சென்னு காசையே 2008-லேர்ந்து எடுத்துட்டான், கடையில அஞ்சு சென்னுக்குத்தான் வட்டம் கட்டறான். ஒன்னோட ஒருநாள் விலைக்கு இந்த நாட்டுல காசே அடிக்கறதில்லடான்னேன். மூணு நாள் எங்கூடப் பேசல. நாலாம் நாள் வந்து, மாமா, அம்பதாக் குடுத்திருந்தா எவ்வளவு வருங்கறான்!

தமிழ்நாட்டுக்காரங்க இதுல நம்மளவிட ரொம்ப தூரம் போயிட்டாங்க, அத ஒத்துக்கணும். 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆணையம் நிப்பாட்டுச்சு, பணம் அந்த ஓட்டம் ஓடியிருக்கு. 2019-ல வேலூர்ல நாடாளுமன்றத் தேர்தலையே நிப்பாட்டினாங்க. இங்க ஜெயிச்சப்புறம் கோர்ட்டுக்குப் போறோம், அங்க ஓட்டுப்போடறதுக்கு முன்னாடியே கடையச் சாத்தறான். அங்கயும் பெரிய காசுக்கு வேற வாசல்தான். கம்பெனிக்காரன் பேரு சொல்லாமக் கட்சிக்குக் குடுக்கறதுக்குன்னே தேர்தல் பத்திரம்னு ஒண்ணு அச்சடிச்சு, ஏறக்குறைய ஆறு வருஷம் நடத்தினாங்க. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னுச்சு.

உனக்கு நான் சொல்லித்தர்ற வித்தை அதவிடச் சுலபம். அட்டைச் செக்கு. பாத்திருப்ப, நாலு பேரு தூக்கற மாதிரி கதவளவுக்கு ஒரு செக்கு அடிச்சு, கோயில் திருவிழாவுலயும் தமிழ்ப்பள்ளி மண்டபத்துலயும் நிப்பாட்டி, ஒய்.பி. ஒரு ஓரத்தைப் புடிக்க, கோயில் தலைவரு மறு ஓரத்தைப் புடிக்க, நடுவுல நிக்கற தலைமையாசிரியை சிரிக்க, போட்டோ. ஒரு வருஷம் எங்க கமிட்டி பொருளாளரு அந்த அட்டையப் பத்திரமாச் சுருட்டாம வேன் மேல கட்டி எடுத்துட்டுப் போனாரு. எங்கய்யான்னேன், பேங்குக்குன்னாரு. கிண்டலுக்குத்தான் சொன்னாரு, ஆனா நெசச் செக்கு வந்து சேர்ற வரைக்கும் அந்த அட்டைதான் எங்க கோயிலுக்கு மழைத்தண்ணி அடிக்காம மறைச்சுச்சு. அதுலயும் பிரயோசனம் இருந்துச்சுன்னு ஒய்.பி.கிட்டச் சொல்லி நன்றிகூடத் தெரிவிச்சோம்.

அட்டையில எழுதியிருக்கற அந்தப் பத்தாயிரமோ இருபதாயிரமோ யாரு காசுங்கற? நீ ஒரு சட்டை வாங்கினாலும் அதுலேர்ந்து நாட்டுக் கஜானாவுக்குப் போற காசு. நம்ம காசை நம்மகிட்டயே குடுத்துட்டு, நம்மள விட்டே மாலை போடச் சொல்றான் பாரு, அந்தக் கலைய நீ கத்துக்கணும். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வர்றது உரிமைன்னு சொன்னா கை தட்ட மாட்டான். ஒய்.பி. ஏற்பாடு பண்ணாருன்னு சொல்லு, பொன்னாடை வரும்.

இது இன்னைக்கு நேத்துக் கதையில்ல. அந்தக் காலத்துல தோட்டத்துல சம்பளத்தை இந்தக் கையில குடுத்துட்டுத் தோட்டத்துக் கள்ளுக்கடையில அந்தக் கையால வாங்கிக்குவான். பெரட்டுல பேரு கூப்புட்டவன் முகத்தைக்கூடப் பாக்காதவங்க, சம்பள நாளன்னைக்கு கள்ளுக்கடை வாசல்ல மட்டும் மொதலாளி மாதிரி நிப்பாங்க. நம்ம கெடாவுலதான் 1946, 47-ல பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படைன்னு ஒண்ண நடத்தி, கள்ளுக்கடைய மூடுன்னு கெளம்பினாரு. போலீஸ் தடியத் தூக்குச்சு. கள்ளுக்கு எதுக்குய்யா இவ்வளவு காவல்னு கேட்டா, கள்ளுக்கு இல்ல, சுத்தி வந்து சேர்ற அந்தக் காசுக்குக் காவல்.

இப்பத்தான் நீ சரியான கேள்விக்கு வந்திருக்க, பணத்துக்கு எங்க போறது மாமான்னு. ரெண்டு வழி இருக்கு. ஒரு கான்ட்ராக்டர்கிட்டப் போ. சிரிச்ச முகத்தோட குடுப்பான், ரசீதே கேக்க மாட்டான். ரசீது கேக்காதவன்கிட்டத்தான் மாப்ளே நீ ஜாக்கிரதையா இருக்கணும். நீ ஜெயிச்சப்புறம் மலைய வெட்டணும், மண்ணை அள்ளணும்னு அவன் வர்றப்ப நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முடியாதும்ப?

இன்னொரு வழி நம்ம கூலிம் பக்கத்துலயே நடந்திருக்கு. 50-கள்ல வெள்ளக்காரன் தோட்டங்களை விக்க ஆரம்பிச்சான். வாங்கினவன் துண்டுபோட்டு வித்தான், லயத்துல இருந்தவன் நடுரோட்டுக்கு வந்தான். அப்ப மஇகா தலைவரும் மந்திரியுமா இருந்த சம்பந்தன், 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்னு ஒண்ணத் தொடங்கி, தோட்டம் தோட்டமாப் போயி, மாசம் பத்து வெள்ளி குடுன்னு கேட்டாரு. கித்தா வெட்டறவன்கிட்டக் காசு குடுத்த தலைவன் நிறைய பேரு. காசு கேட்ட தலைவன் அவரு. சங்கம் 1961-ல மொத மொதல்ல வாங்கின தோட்டம் நம்ம கெடாவுல இருக்கற புக்கிட் சிடிம். அதுல மரம் வெட்டினவங்களே பங்குக்காரங்க. இத்தனைக்கும் அவரு தோட்ட மொதலாளி மவன், அரசியலுக்கு வந்து சொந்தச் சொத்தைக் கரைச்சவருன்னு பேரு. அந்த மாதிரி மறை கழண்ட ஆளுங்க இப்ப அரசியலுக்கு வர்றதில்ல, நீயும் வந்துராத.

சும்மா பத்து வெள்ளிப் புராணம் பாடறேன்னு நினைக்காத, அதுலயும் வில்லங்கம் உண்டு. 1982-ல மஇகா தொடங்கின முதலீட்டுக் கம்பெனி மைக்கா ஹோல்டிங்ஸ். தாலிக்கொடிய அடகு வச்சு, மாட்டை வித்து, ஏறக்குறைய 66,000 பேரு பத்துக் கோடி வெள்ளிக்கு மேல போட்டாங்க. 1990-ல டெலிகாம் பங்கு ஒரு கோடிய அரசாங்கம் மைக்காவுக்குன்னு ஒதுக்க, பத்து லட்சந்தான் மைக்காவுக்கு வந்துச்சு, மிச்சம் தொண்ணூறு லட்சம் மூணு கம்பெனிங்களுக்குப் போச்சு. ஏன்னு கேட்டதுக்கு, அத்தனையும் வாங்க மைக்காகிட்டப் பணம் இல்லன்னு அப்ப மஇகா தலைவரா இருந்த சாமிவேலு சொன்னாரு. ஊழல் தடுப்பு ஆளுங்க விசாரிச்சாங்க, யார் மேலயும் வழக்கு வரல. கடைசில 2010-ல தொழிலதிபர் ஞானலிங்கம் குடும்பத்துக் கம்பெனி வந்து பங்குக்கு 80 சென் தர்றேன்னுச்சு. ஒரு வெள்ளியப் போட்டுட்டு 28 வருஷம் காத்திருந்து 80 சென்னு. அதே கூலிக்காசு, அதே தோட்டத்து ஜனம், அதே கட்சித் தலைவரு கேட்டதுதான். புக்கிட் சிடிம்ல மரம் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு, போயி எண்ணிப் பாக்கலாம். மைக்காவுல காகிதம் நின்னுச்சு, ஆண்டுக்கூட்டத்துல எந்திரிச்சு எண்ணிப் பாக்க நினைச்சவனுக்கு மைக் கெடைக்கறதே பெரும்பாடு.

நேர்மையா நின்னா சனங்க தூக்கி வச்சுக்கும்னும் நம்பிராத. சுங்கை சிப்புட்ல 2008-ல சாமிவேலுவையே தோக்கடிச்சாரு டாக்டர் ஜெயகுமார். சோசலிசக் கட்சிக்காரரு, வருஷா வருஷம் சொத்துக் கணக்கை ஊருக்கு முன்னாடி வைப்பாரு. 2013-லயும் ஜெயிச்சாரு. 2018-ல தனிக் கட்சியா நின்னாரு, டெபாசிட்டே போச்சு. கணக்குச் சொன்ன மனுசனோட டெபாசிட் கஜானாவுக்குப் போச்சு, கணக்கே சொல்லாத எத்தனையோ பேரு டெபாசிட் பத்திரமாத் திரும்பி வந்துச்சு. ஓட்டுப்போட்டவனத்தான் கேக்கணும், கேட்டா பக்கத்து வீட்டுக்காரனக் காட்டுவான்.

என்ன, கோப்பி ஆறிப்போச்சா? குடி. உன்ன நிக்க வேண்டாம்னு நான் சொல்லலடா. நில்லு. இந்தா, பத்து வெள்ளி. வேட்பாளர் ஓட்டருக்குக் குடுத்தா குத்தம், ஓட்டர் வேட்பாளருக்குக் குடுக்கறதுக்கு இன்னும் சட்டம் தடை போடல. ரசீது எழுது. என் பேரு, தேதி, தொகை, எதுக்குன்னு. கார்பன் வச்சு எழுது, ஒண்ணு உன்கிட்ட இருக்கணும். ஜெயிச்சு ஒரு வருஷத்துல நம்ம தாமான் சாக்கடைக்கு மூடி வரலைன்னா அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டுத்தான் உன் சேவை மையத்து வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன். இந்த மாதிரி பத்துப் பத்தா ஒரு ரெண்டாயிரம் பேருகிட்ட வாங்கினீன்னா ரெண்டாயிரம் நாற்காலி, உள்ள போக உனக்கு வழி இருக்காது, சொல்லிட்டேன்.

என்னடா முழிக்கற? கொடி அடிச்சாச்சு, போஸ்டர் அடிச்சாச்சு, ரசீதுப் புஸ்தகம் அடிக்கலையா? எதுத்தாப்புல புஸ்தகக் கடையில நாலு வெள்ளிக்கு விக்கிறான். ஓடு. மிச்ச ஆறு வெள்ளிக்கும் கணக்கு எழுதிட்டு வா.